கொல்லிமலை 38-ஆவது வளைவில் வண்டி நின்றது: ஸ்பீடு சென்சார் கோளாறைத் தேடிய ஆறு வாரம்

போன ஆடி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்திலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குக் கிளம்பினேன். பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் நாலு பேர். அரப்பளீஸ்வரர் கோயில், வரும்போது எட்டுக்கை அம்மன், நேரம் இருந்தால் ஆகாய கங்கை அருவி என்று பேச்சு. என்னுடையது 12 பேர் உட்காரும் மஞ்சள் போர்டு டீசல் வேன். 2017 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் மாதம் 14,200 ரூபாய் தவணை போகிறது. காரவள்ளி அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏற ஆரம்பித்தோம். அந்த மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. 38-ஐத் திரும்பி ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், கால் தரையைத் தொடுகிறது, இன்ஜின் சத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. யாரோ டீசலை மூடிவிட்ட மாதிரி. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பின்னால் சரிந்தது ஒரு முழம்கூட இருக்காது. ஆனால் பின்னால் ஒரு பஸ் வளைவைத் திரும்பிக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்த கை நடுங்கியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பாட்டி "முருகா முருகா" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த வீட்டுப் பையன் ஒருவன் குதித்து இறங்கி சக்கரத்துக்குக் கல் வைத்தான். எல்லாரையும் இறக்கி ஓரமாக நிற்கவைத்துவிட்டு, சாவியை அணைத்துப் போட்டேன். உடனே ஸ்டார்ட் ஆனது, ஒன்றுமே நடக்காத மாதிரி இழுத்தது. காலி வண்டியாக அடுத்த இரண்டு வளைவு ஏறிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அவர்களை மறுபடி ஏற்றினேன், 44-இல் மறுபடி அதே மாதிரி. அதற்கு மேல் அவர்களை அந்த வண்டியில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. செம்மேட்டில் தெரிந்தவர் வேனை 3,500 ரூபாய்க்குப் பேசி வரவழைத்து ஏற்றிவிட்டேன், என்னிடம் கொடுத்திருந்த அட்வான்ஸ் 3,000-ஐயும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், அன்றைக்கு நான் ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்க்கவே இல்லை. மலை ஏறும்போது கண் ரோட்டில்தானே இருக்கும். ஆனால் அந்த முள் எனக்கு ஆனி மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. சேலம் ரோட்டில் 60-இல் போகும்போது சில சமயம் ஆடும், ஒரு துள்ளல் துள்ளிவிட்டு உட்காரும். பழைய மீட்டர், குழி ரோடு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு தடவை இழுவை லேசாகக் குறைந்தபோது டீசல் ஃபில்டர் அடைப்பு என்று நானே முடிவு செய்து 1,650 ரூபாய்க்கு மாற்றினேன். ஆட்டமும் இழுவையும் ஒரே நோயின் இரண்டு அடையாளம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் வண்டியில் மீட்டர் முள் ஆடுகிறது, கூடவே வேறு ஏதோ ஒரு சின்னக் கோளாறும் இருக்கிறது என்றால், இரண்டையும் தனித்தனி என்று ஒதுக்கிவிடாதீர்கள். எந்த வேகத்தில், எத்தனை பேர் இருக்கும்போது, மழையா வெயிலா என்று ஒரு பழைய நோட்டில் குறித்து வையுங்கள். நான் குறித்து வைத்திருந்தால் ஆறு வாரம் ஒரு வாரமாகச் சுருங்கியிருக்கும்.

மலையிலிருந்து இறங்கி வந்த மறுநாள் முதல் ஒர்க் ஷாப். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டார்கள். பி 0503 என்று ஒரு கோளாறு நம்பர், அவர்கள் பாஷையில் 'கோடு', வந்தது. அதை அந்தப் பையன் படித்துச் சொன்னான், "ஸ்பீடு சென்சார்னு காட்டுதுங்ணா, அது மீட்டர் சமாச்சாரம், இழுவைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று அழித்துவிட்டான். இழுவைக்கு, புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வும் காற்று உள்ளே போகும் இன்டேக்கும் கரி பிடித்திருக்கிறது என்று கழற்றிச் சுத்தம் செய்தார்கள். 4,200 ரூபாய். கரி இருந்தது உண்மைதான், அதை எனக்குக் காட்டினார்கள், ஏழு வருஷம் ஓடிய டீசல் வண்டியில் இல்லாமல் எப்படி இருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு ஆத்தூர் ரோட்டில் காலியாக ஓட்டிப் பார்த்தோம், பட்டுப் போல ஓடியது. அடுத்த ட்ரிப்பில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது படுத்துவிட்டது.

அந்தக் கோடு பற்றி இப்போது எனக்குத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீடு சென்சார் என்பது வண்டியின் வேகத்தை அறிந்து சிக்னல் அனுப்பும் சின்னச் சாமான். பி 0500 என்றால் அந்த வேக சிக்னல் சரியாக வரவில்லை என்று பொருள். பி 0501 என்றால் வருகிறது, ஆனால் கணக்கில் பொருந்தவில்லை. பி 0503 என்றால் விட்டு விட்டு வருகிறது, தாறுமாறாக வருகிறது, அல்லது இருக்க வேண்டியதைவிட அதிகமாக வருகிறது. மூன்றுமே அந்த சர்க்யூட்டைப் பற்றிச் சொல்கின்றன, சென்சார் என்ற அந்த ஒரு சாமான் கெட்டுவிட்டது என்று எந்தக் கோடும் சொல்வதில்லை. சென்சார், அதன் பின் சாக்கெட், அங்கிருந்து வரும் வயர், எர்த், ஃபியூஸ், வழியில் யாராவது போட்ட ஜாயின்ட் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். அதனால் ஸ்கேனரில் கோடு வந்தால் அழிக்க விடாதீர்கள். முதலில் நம்பரை போட்டோ எடுத்து வையுங்கள். எனக்கு முதல் நாளே சரியான விடை கைக்கு வந்தது, அழித்துவிட்டோம்.

இரண்டாவது இடத்தில் ஆக்சிலேட்டர் பெடல் என்றார்கள். இந்த வண்டிகளில் ஆக்சிலேட்டருக்குக் கேபிள் கிடையாது. பெடலிலேயே சென்சார் இருக்கிறது, மிதித்த அளவை வோல்டேஜாக இன்ஜின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். மிதித்தும் இழுக்கவில்லை என்றால் பெடலைச் சந்தேகப்படுவது நியாயமாகத்தான் பட்டது. புதுசு விலை கட்டுப்படியாகாது என்று பழைய பெடல் ஒன்றை 5,500-க்கு வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது இடத்தில் மறுபடி ஸ்கேனர் போட, அதே பி 0503. "அப்போ சென்சாரையே மாத்திருவோம்" என்று 1,350 ரூபாய்க்குப் புது சென்சார் போட்டார்கள். இரண்டு நாள் முள் அசையாமல் நின்றது. நானும் என் வீட்டுக்காரியும் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் மழையில் பேளுக்குறிச்சி சந்தைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது முள் 90-க்குக் குதித்தது, வண்டி செத்தது.

அந்த இரண்டு நாள்தான் என்னை மிகவும் ஏமாற்றியது. சென்சாரைக் கழற்றி மாட்டும்போது அந்த இடத்து வயரைப் பிடித்து இழுத்து நகர்த்தியிருக்கிறார்கள். எங்கேயோ அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்த செம்புக் கம்பி அந்த அசைவில் கொஞ்ச நேரம் நன்றாகத் தொட்டுக்கொண்டது, அவ்வளவுதான். சாமான் மாற்றியதால் சரியானதா, கை பட்டதால் சரியானதா என்று இந்த மாதிரி வயரிங் கோளாறில் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு வழி உண்டு. புதுசு போட்டு நன்றாக ஓடினால், இரண்டு நாள் கழித்துப் பழையதையே திரும்ப மாட்டிப் பாருங்கள். பழையதிலும் நன்றாக ஓடினால் குற்றம் சென்சாரில் இல்லை. பழைய சாமானைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். நான் வாங்கவில்லை, கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

நாலாவது செலவு மீட்டர் போர்டு. "சென்சார் புதுசு, இனி மீட்டர்தான்" என்று கழற்றி அனுப்பி, ஐந்து நாள் வண்டி நின்று, 2,600 ரூபாய். வந்து மாட்டிய அன்றே முள் ஆடியது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. தவணை தேதி பக்கத்தில் வந்துவிட்டது, இரண்டு ட்ரிப்பை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்திருந்தேன், போன் அடித்தாலே ட்ரிப்புக்குக் கூப்பிடுகிறார்களோ என்று பயம். வண்டி வைத்திருப்பவனுக்கு ட்ரிப் வருகிறதே என்று பயப்படும் நிலைமை வரக் கூடாது. விற்றுவிடலாமா என்று வீட்டில் பேசினோம். என் வீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் அவள் வளையலைப் பார்த்தாள், அதைப் பார்த்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வழி கிடைத்தது என் மகளால். ஒன்பதாவது படிக்கிறாள். ஆவணியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து, வேறு வண்டிக்குக் காசு கொடுக்க முடியாமல் சொந்தக்காரர்கள் 11 பேரை என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போனேன். அவள் முன் சீட்டில் உட்கார்ந்து என் போனில் மீட்டரை வீடியோ எடுத்துக்கொண்டே வந்தாள். அவள் அம்மா போனில் ஜி.பி.எஸ். வேகம் காட்டும் ஆப்பைப் போட்டு மீட்டருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகச் செய்தாள். ஒரு ஏற்றத்தில் வண்டி வழக்கம்போல இழுக்காமல் போனது. வீட்டுக்கு வந்து வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினாள். "அப்பா, பாருங்க, ஸ்பீடு முள்ளு முதல்ல 40-லிருந்து 95-க்குப் போகுது. ஜி.பி.எஸ்.ல 38-தான் இருக்கு. அதுக்கு அப்புறம்தான் இன்ஜின் சுத்துறதைக் காட்டுற ஆர்.பி.எம். முள்ளு விழுகுது." நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் அதே வரிசை. இழுவை போனதால் முள் ஆடவில்லை, முள் குதித்ததால் இழுவை போனது. ஐந்து வாரமாக எல்லாரும் தலைகீழாகத் தேடியிருக்கிறோம்.

எந்தக் கோளாறுக்கும் நான் இப்போது முதலில் செய்வது இதுதான். மீட்டர் போர்டு முழுவதும் தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஜி.பி.எஸ். வேகத்தோடு, கோளாறு வரும் வரைக்கும் ஒரு ஆளை உட்காரவைத்து வீடியோ எடுங்கள். ஓட்டுகிறவர் எடுக்கக் கூடாது. நல்ல மீட்டரே உண்மை வேகத்தைவிட மூன்று நாலு கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். பார்க்க வேண்டியது திடீர்த் துள்ளலும் திடீர் விழுதலும்தான்.

அந்த வீடியோவை எடுத்துக்கொண்டு நாமக்கல் போனேன். லாரி ஊர், ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு லாரி ஓனர் சொன்ன பட்டறை, அறுபதைத் தாண்டிய பெரியவர், ஒரு பையனை மட்டும் உடன் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார், "ஏன் தம்பி, முள்ளு முன்னால குதிக்குதா, இழுவை முன்னால போகுதா?" ஐந்து வாரத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. போனை நீட்டினேன். பார்த்துவிட்டு, "வேகக் கட்டுப்பாட்டு டப்பா எங்க மாட்டியிருக்குது?" என்றார்.

எனக்கு அங்கேதான் விளங்க ஆரம்பித்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 118-ஆவது விதிப்படி என்னைப் போன்ற வாடகை வண்டிகளுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் தடுக்கும் கருவி இருக்க வேண்டும், எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சான்றுக்குப் போகும்போது அதன் சான்றிதழும் கேட்பார்கள். என் வண்டிக்கு முந்தைய ஓனர் வெளியே ஒரு கடையில் மாட்டியது. அது வேலை செய்யும் விதம் எளிது. கியர் பாக்ஸில் இருக்கும் ஸ்பீடு சென்சாரிலிருந்து மீட்டருக்குப் போகும் சிக்னல் வயரில் ஒரு கிளை எடுத்து வேகத்தைத் தெரிந்துகொள்ளும். ஆக்சிலேட்டர் பெடலுக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். வேகம் 80-ஐத் தாண்டினால், நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் மிதிக்கவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். 38-ஆவது வளைவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்த என் வண்டி 95-இல் போகிறது என்று அந்த டப்பா நம்பியிருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, அதற்குப் போன செய்திதான் பொய்.

பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டார். ஒரு சக்கரம் தூக்கியிருந்தால் போதும், அதைக் கையால் சுற்றும்போது பின்னச்சு வழியாக கியர் பாக்ஸ் வெளித்தண்டும் சுற்றும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார், நானும் உங்களுக்கு இரண்டு தடவை சொல்கிறேன், ஸ்டாண்ட் இல்லாமல் படுக்காதீர்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து இன்ஜினை ஓட்டாமல் மல்டிமீட்டரை எடுத்தார். என் வண்டியில் இருப்பது மூன்று வயர் உள்ள, வெளியிலிருந்து கரண்ட் வாங்கி வேலை செய்யும் ஹால் சென்சார் என்ற வகை. ஒன்றில் 12 வோல்ட் வருகிறது, ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். சாக்கெட்டின் பின்பக்கமாக முனையை வைத்து முதல் இரண்டைப் பார்த்தார், 12.3 வந்தது, எர்த்தும் சரி. பிறகு என்னைச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றச் சொன்னார். சிக்னல் வயரில் மீட்டர் பூஜ்யத்துக்குப் போய், 11 சொச்சத்துக்கு வந்து, மறுபடி பூஜ்யம், மறுபடி 11 என்று சுத்தமாக மாறி மாறி வந்தது. "சென்சார் நல்லா இருக்குது தம்பி. புதுசுதான், ஆனா பழசும் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். கழற்றி முனையையும் பார்த்தார், இரும்புத் தூள் ஒட்டவில்லை, அதைச் சுற்றும் சின்னப் பிளாஸ்டிக் பல் சக்கரத்தில் பல் உடையவில்லை, சாக்கெட்டில் கியர் ஆயில் ஏறவில்லை.

அடுத்து, அதே சிக்னல் வயரின் மறுமுனையை, டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டர் சாக்கெட்டில் பார்த்தார். நான் கீழே சக்கரம் சுற்றுகிறேன், அங்கேயும் மாறி மாறி வந்தது, ஆனால் தாழ்ந்த பக்கம் பூஜ்யத்துக்கு வராமல் மூன்று வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. ஒரே வயருக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு என்றால் நடுவில் எங்கேயோ தடை இருக்கிறது. பட்டறைப் பையனைக் கூப்பிட்டு, கியர் பாக்ஸிலிருந்து மேலே வரும் வயர்க் கட்டை ஒவ்வொரு சாணாகப் பிடித்து அசைக்கச் சொன்னார். சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் அசைத்ததும், சக்கரம் சுற்றாமலே முள் துள்ளியது. நிற்கிற வண்டி 70-இல் போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொன்னால் என்ன.

டேப்பைப் பிரித்தால், வேகக் கருவி மாட்டியவர்கள் வயரைச் சுரண்டி, கிளை வயரை முறுக்கி, சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். சூட்டில் பசை இளகி, டேப் நழுவி, உள்ளே தண்ணீர் போய், செம்பு பச்சையும் கறுப்புமாக அரித்து, பாதி இழை அறுந்திருந்தது. ஏன் ஆள் ஏற்றினால் மட்டும் வந்தது என்று கேட்டேன். ஏற்றத்தில் பாரத்தோடு இழுக்கும்போது இன்ஜினும் கியர் பாக்ஸும் மவுண்டிங்கில் ஒரு பக்கமாகச் சாயும், அந்தச் சாய்வில் இந்த வயர் இழுபடுகிறது, காலி வண்டியில் சாய்வு கம்மி என்றார். முன்னால் பார்த்த எல்லாரும் காலி வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்து "நல்லா இருக்குது" என்றார்கள். எப்போது கோளாறு வருகிறதோ அதே பாரத்தோடு, அதே மாதிரி ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் யாராவது சரியாகிவிட்டது என்றால் காசு கொடுக்காதீர்கள்.

அரித்த பகுதியை இரண்டு பக்கமும் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, புது வயர் கொடுத்து, ஈயம் பற்றவைத்து, ஹீட் ஸ்லீவ் போட்டு, சைலன்ஸரிலிருந்து தள்ளி, கொஞ்சம் தளர்வு விட்டு டை கட்டினார். கருவியின் சீல் வைத்த டப்பாவைத் தொடவே இல்லை, ஜாயின்ட் அதற்கு வெளியேதான் இருந்தது. எர்த் போல்ட்டையும் தேய்த்து மாட்டினார். 700 ரூபாய் கேட்டார். நான் ஆயிரம் கொடுத்தேன், முந்நூறைத் திருப்பிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

என் கணக்கு நோட்டில் உள்ளபடி, தேவையில்லாமல் செய்த வேலைகள் 15,300. விட்டுப்போன ஐந்து ட்ரிப், டீசல் போக ஒன்றுக்கு 4,500 வீதம் 22,500. கொல்லிமலை ட்ரிப்பில் கொடுத்தது 6,500. ஆக 44,300. இதில் 4,200 ரூபாய்க் கரி வேலை வண்டிக்கு நல்லதுதான் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். கருவி மாட்டிய கடையைப் போய்க் கேட்டேன், மாட்டி வருஷக் கணக்கு ஆகிறது, அப்போது ஓனர் நீங்களும் இல்லை என்றார்கள். சண்டை போடவில்லை.

நடுவில் இரண்டு பேர் எனக்கு ஒரு யோசனை சொன்னார்கள், அந்த டப்பாவையே கழற்றி விட்டுவிடு, எஃப்.சி.க்குப் போகும்போது மாட்டிக்கலாம் என்று. ஆசையாகத்தான் இருந்தது. கழற்றியிருந்தால் இழுவைக் குறை அன்றே போயிருக்கும், உள்ளே அந்த வயர் அரித்துக்கொண்டே இருந்திருக்கும், மீட்டரும் கிலோமீட்டர் கணக்கும் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். அதைவிட, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. அந்தக் கருவி இல்லாமல் ஏதாவது நடந்தால் நான் யாருக்கு என்ன பதில் சொல்ல முடியும். கருவி வேண்டாம் என்று யோசிப்பதைவிட, கருவி மாட்டும்போது பக்கத்தில் நின்று ஜாயின்ட்டை எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். முறுக்கி டேப் சுற்றினால், ஈயம் வைத்து ஸ்லீவ் போடச் சொல்லிக் கேளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதும் இதைப் பாருங்கள், நான் டயரையும் பாடியையும் பார்த்தேன், வயரிங்கைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. சிக்னல் தாறுமாறாக வந்த ஆறு வாரமும் கிலோமீட்டர் கணக்கு நம்பக்கூடியதாக இல்லை. முள் குதிக்கும்போது கூடும், செத்துக் கிடக்கும்போது ஓடாது. ஆயில் மாற்றும் கணக்கை அதை வைத்துப் போடாமல், ட்ரிப் தூரத்தைக் கையால் எழுதிக் கூட்டினேன். கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, எல்லா வண்டியிலும் என்னுடையது மாதிரி கியர் பாக்ஸில் சென்சார் இருக்காது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள புது வண்டிகள் பலவற்றில் சக்கரத்துச் சென்சார்களிலிருந்தே வேகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே முள் செத்தால் ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு வயர் மட்டும் உள்ள காந்தச் சென்சார் என்றால் 12 வோல்ட் தேடாதீர்கள், அதற்கு வெளியிலிருந்து கரண்ட் வராது, சக்கரம் சுற்றும்போது அதுவே சின்ன ஏ.சி. வோல்டேஜை உண்டாக்கும், வேகமாகச் சுற்றினால் கூடும். மல்டிமீட்டரை ஏ.சி.க்கு மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் இந்த சிக்னல் கெட்டால் கியர் மாறுவது இடிக்கும். பெட்ரோல் கார் சிலவற்றில் ட்ராஃபிக் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்துபோகும். ஸ்கேனரில் ஓடும்போதே வேகத்தைப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஸ்கேனரில் வேகம் நிலையாக இருந்து மீட்டர் முள் மட்டும் ஆடினால் மீட்டரைச் சந்தேகப்படலாம், இரண்டும் சேர்ந்து ஆடினால் குற்றம் சென்சார் பக்கமோ வயர் பக்கமோ. எனக்கு இதை யாராவது முதல் நாளே பார்த்திருந்தால் மீட்டர் போர்டைக் கழற்றி அனுப்பியிருக்க மாட்டேன்.

பெரியவர் போகும்போது சொன்னார், "இன்னிக்கே ஆளை ஏத்தாத. பாரத்த ஏத்தி மலைக்குப் போய்ட்டு வா." மறுநாள் ஊரில் ஒருவரிடம் 14 மூட்டை மக்காச்சோளத்தைக் கேட்டு வாங்கி, சீட்டுக்கு நடுவிலும் பின்னாலும் அடுக்கிக் கட்டினேன். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள், தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் போனைப் பிடித்துக்கொண்டு காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரைக்கும் வீடியோ எடுத்தான். 38-இல் இரண்டாவது கியரில் மிதித்தேன், ஏறியது. 44-இல் வேண்டுமென்றே நிறுத்தி, ஏற்றத்திலேயே மறுபடி கிளப்பினேன். முள் 15-இலேயே நின்றது, ஜி.பி.எஸ். 14 காட்டியது. அன்று சாயங்காலம் இறங்கும்போது நல்ல மழை, வயர் நனையட்டும் என்று தண்ணீர் தேங்கிய இடத்திலெல்லாம் மெதுவாக விட்டு ஓட்டினேன். இறங்கி வந்து அந்தக் குடும்பத்துப் பையனுக்கு போன் போட்டு, வண்டி சரியாகிவிட்டது, பாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றால் வாடகை வேண்டாம், டீசல் மட்டும் போட்டால் போதும் என்று சொன்னேன். ஐப்பசியில் வருகிறோம் என்றிருக்கிறான்.